அந்த இரவு பறந்தவர் யார்: ஒரு கான்பரா நேவிகேட்டரின் போர் நினைவுகளைப் பதிந்த நிகழ்வு ஆய்வு

எதைப் பற்றியது

சென்னையில் முதியவர்களின் வாழ்க்கை அனுபவங்களைக் குரலில் பதிந்து வைக்கும் சிறு தன்னார்வக் குழு எங்களுடையது. அந்த வேலையில் வந்த ஒரு நிகழ்வு இது. விமானப் படையின் கான்பரா என்ற குண்டுவீச்சு விமானங்களில் நேவிகேட்டராக, அதாவது வழி கணித்துச் சொல்பவராக, இருந்த ஒருவர், 1965 போரில் தான் போன ஓர் இரவுத் தாக்குதலைப் பற்றி விரிவாகச் சொன்னார். அந்த இரவில் அவர் பறக்கவே இல்லை என்பது பின்னால் தெரியவந்தது. பொய் சொன்னார் என்று ஒரு வரியில் எழுதி மூடிவிடலாம். ஆனால் நடந்தது அது இல்லை என்பதால் முழுவதையும் வரிசையாக எழுதுகிறேன்.

பெயர்கள், ஸ்குவாட்ரன் (விமானப் பிரிவு) எண், தாக்கப்பட்ட தளம் மூன்றையும் விட்டிருக்கிறேன். தளத்தின் பெயரைச் சொன்னால் அந்த விமானத்தில் போனவர் யார் என்று தேடிக் கண்டுபிடித்துவிடலாம். சம்பந்தப்பட்ட இரண்டு குடும்பங்களும் படித்துப் பார்த்துச் சம்மதித்த பிறகே இதை வெளியிடுகிறோம்.

பின்னணி

அவர் 1937இல் தங்கசாலைப் பக்கம் பிறந்தவர். பதிவு நடந்தபோது வயது 86. 1950களின் கடைசியில் விமானப் படையில் அதிகாரியாகச் சேர்ந்து, ஒற்றைச் சிறகு போட்ட நேவிகேட்டர் பேட்ஜ் வாங்கி, கான்பரா ஸ்குவாட்ரனுக்குப் போனார். 1965, 1971 இரண்டு போர்களிலும் ஆக்ராவிலிருந்து பறந்தார். ஓய்வுக்குப் பிறகு ஒரு தனியார் கம்பெனியில் வேலை, அப்புறம் முடிச்சூரில் சொந்த வீடு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அந்த வீட்டின் தரைத்தளம் முழுகியது. அதிலிருந்து சேலையூரில் மகள் வீட்டில்தான் அவரும் மனைவியும் இருக்கிறார்கள்.

எங்களைக் கூப்பிட்டது மகள். ஜனவரி 26 அன்று குடியிருப்பில் கொடி ஏற்றிவிட்டு அப்பாவைப் பற்றி ஒரு சிறு வீடியோ போட வேண்டும், அதற்கு அப்பா பேச வேண்டும், அப்படியே எல்லாவற்றையும் பதிந்து வைத்துவிட்டால் பேரப்பிள்ளைகளுக்கும் இருக்கும் என்றார். குறிப்பாக ஒரு கதையைக் கேட்டார். "அந்த நாலு மணி நேர ராத்திரி கதையை அப்பா சொல்லணும். நாங்க சின்ன வயசுலேர்ந்து கேட்டது."

பெரியவருக்கு ஒரு கவலை இருந்தது. இதையெல்லாம் வெளியே சொல்லலாமா என்று இரண்டு மூன்று தடவை கேட்டார். போர் ஆவணங்களைச் சாதாரணமாக 25 ஆண்டுகளில் வெளிப்படையாக்கலாம் என்று பாதுகாப்பு அமைச்சகம் 2021இல் கொள்கை அறிவித்திருக்கிறது. 1965, 1971 தாக்குதல்களைப் பற்றி அதிகாரிகள் எழுதியதும் ஏராளம். இதைச் சொன்ன பிறகு சமாதானமானார். ஆனாலும் ரகசிய ஏற்பாடுகள் எதையும் கேட்க மாட்டோம், அவர் வேண்டாம் என்று சொல்லும் பகுதியை எடுத்துவிடுவோம் என்று முதலிலேயே எழுதிக் கொடுத்தோம். அந்தக் காகிதத்தை அவர் நிதானமாகப் படித்து, இரண்டு எழுத்துப் பிழைகளைத் திருத்தி, கையெழுத்துப் போட்டார்.

விமானத்தைப் பற்றிக் கொஞ்சம்

கான்பரா பிரிட்டனில் வடிவமைத்த ஜெட் குண்டுவீச்சு விமானம். 1949 மே 13 அன்று முதன்முதலில் பறந்தது. இந்திய விமானப் படைக்கு 1957இல் வந்து, 2007 மே 11 வரை ஐம்பது வருஷம் உழைத்தது. 1961இல் ஐ.நா. படையோடு ஆறு கான்பராக்கள் காங்கோவுக்குப் போயின. அதே வருஷம் டிசம்பர் 18 அன்று கோவாவின் டபோலிம் ஓடுதளத்தின்மேல் 12 கான்பராக்கள் குண்டு போட்டன. 1965 செப்டம்பரில் சர்கோதா, பெஷாவர், கராச்சியை ஒட்டிய மௌரிப்பூர் என்று பாகிஸ்தானின் விமானத் தளங்களை இரவில் தேடிப் போனவையும் இவைதான்.

இந்தியாவிடம் இருந்த முக்கியமான குண்டுவீச்சு ரகத்தில் இரண்டே பேர். பைலட் மேலே, இடது பக்கமாக, கண்ணாடிக் கூண்டுக்குள் இருப்பார். நேவிகேட்டர் கீழே மூக்குப் பகுதியில். அங்கே ஒரு மேஜை, வரைபடம், கருவிகள். குண்டு போடும் நேரத்தில் அவர் முன்னால் நகர்ந்து, மூக்குக் கண்ணாடி வழியாகத் தரையைப் பார்த்தபடி குப்புறப் படுத்துக்கொள்வார். பைலட்டுக்கு வெளியே தூக்கி எறியும் இருக்கை உண்டு. நேவிகேட்டருக்குக் கிடையாது. ஆபத்து என்றால் ஊர்ந்து பின்னால் வந்து, பக்கக் கதவு வழியாகக் குதிக்க வேண்டும்.

இந்த உள்ளமைப்பு பின்னால் வரப்போகும் விஷயத்துக்கு முக்கியம். நேவிகேட்டரால் முன்னால் பார்க்க முடியும், கீழே பார்க்க முடியும். விமானத்துக்குப் பின்னால் பார்க்க முடியாது.

முதல் அமர்வுகளில் கவனித்தது

முதல் நாள் போரைப் பற்றிக் கேட்கவில்லை. சின்ன வயதிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னோம். அவர் நேராக 1942 ஏப்ரலுக்குப் போனார். ஜப்பான் விமானங்கள் 5ஆம் தேதி கொழும்பிலும் மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடாவிலும் குண்டு போட, மதராஸ் காலியானது. இவருக்கு ஐந்து வயது. கும்பகோணம் பக்கம் பாட்டி ஊருக்கு ரயிலேறிய கூட்டத்தில், அம்மாவின் முந்தானையைப் பிடித்த கையை விடவே இல்லை என்றார். ரயில் ஜன்னல்களில் ஒட்டியிருந்த கருப்புக் காகிதம் ஞாபகம் இருக்கிறது. மதராஸ் மிருகக்காட்சி சாலையில் சிங்கம், புலியையெல்லாம் சுட்டுக் கொன்றதைச் சொன்னவர், நாங்கள் கேட்காமலேயே, "அது நான் பார்த்ததில்ல. பாட்டி சொல்லிக் கேட்டது" என்றார். 1943 அக்டோபர் 12 அன்று ஒற்றை ஜப்பானிய விமானம் மதராஸில் குண்டு போட்டதைச் சொல்லும்போதும் அதே ஒழுங்கு: "சத்தம் கேட்டேனான்னா, கேட்ட மாதிரி இருக்கு. உறுதியா சொல்ல முடியாது."

86 வயதில் இவ்வளவு சுத்தமாகப் பிரித்துச் சொல்பவர்கள் அபூர்வம். பார்த்தது, கேட்டது, சந்தேகமானது என்று அவரே மூன்றாகப் பிரிக்கிறார் என்று குறிப்பேட்டில் எழுதி வைத்தோம். பிற்பாடு எங்களுக்குக் கைகொடுத்தது அந்தக் குறிப்புதான்.

அடுத்தடுத்த அமர்வுகளில் 1965க்கு வந்தார். அவர் சொன்ன ஒரு தாக்குதலை மாதிரிக்குத் தருகிறேன். சாப்பாட்டு மேஜையின் முன் உட்கார்ந்திருந்தார். பேச்சு ஆரம்பித்ததும் கைகள் தாமாகவே வேலை செய்யத் தொடங்கிவிட்டன. இடது கை மேஜையில் இல்லாத வரைபடத்தை அழுத்திப் பிடித்தது. வலது கை பென்சிலைத் தேடியது. பென்சிலை நூலில் கட்டித்தான் வைத்திருப்பார்களாம், இல்லாவிட்டால் விமானம் திரும்பும்போது உருண்டு ஓடிவிடும். ஆறு நிமிஷத்துக்கு ஒரு தடவை கணக்கு. ஆறு நிமிஷம் ஒரு மணியில் பத்தில் ஒரு பங்கு, ஆகவே கடந்த தூரத்தைப் பத்தால் பெருக்கினால் வேகம் வந்துவிடும். இருட்டில், ஆக்சிஜன் மாஸ்க்கின் ரப்பர் வாடையில், உடம்பு குலுங்கும்போது மனசு போடக்கூடிய கணக்கு அதுதான் என்றார். காற்று எங்கிருந்து எவ்வளவு தள்ளுகிறது என்று அதிலிருந்து தெரியும். அதை வைத்து பைலட்டுக்குத் திசை சொல்ல வேண்டும்.

அப்புறம் படுத்துக்கொள்வது. இங்கே நாற்காலியிலிருந்து முன்னால் சாய்ந்து, இரண்டு முழங்கைகளையும் மேஜையில் ஊன்றினார். "லெஃப்ட்-லெஃப்ட்னு ரெண்டு தடவை சொல்லணும். ரைட்டுன்னா ஒரு தடவை. இன்டர்காம்ல இரைச்சல் ஜாஸ்தி. வார்த்தை புரியலன்னாலும் எத்தனை தடவைன்னு பைலட்டுக்குப் புரிஞ்சிடும்." வயிற்றுப் பக்கக் கதவு திறந்ததும் விமானம் முழுக்க ஒரு அதிர்வு வரும், அது காதுக்கு முன்னால் நெஞ்சுக்குத் தெரியும் என்றார். கட்டைவிரல் பொத்தானை அழுத்தும். பாரம் இறங்கியதும் விமானம் லேசாக மேலே எழும்பும். அதைச் சொல்லும்போது உட்கார்ந்த இடத்தில் அவர் தோள் ஒரு அங்குலம் உயர்ந்தது.

வேறு இரண்டு விஷயங்களையும் கவனித்தோம். இடது காது நன்றாக மந்தம், ஆகவே வலது பக்கம் உட்கார்ந்து கேட்டோம். தாம்பரம் தளத்தின் பயிற்சி விமானம் மேலே போகும்போதெல்லாம் பேச்சை நிறுத்தி, தலையைச் சாய்த்து, அது முழுசாகப் போன பிறகே தொடர்ந்தார். அந்த இடைவெளிகளைப் பதிவிலிருந்து வெட்டவில்லை. இன்னொன்று, மாலையில் பேசிய நாட்களில் இரவு அவர் தூங்கவில்லை என்று மனைவி சொன்னார். "ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து ஹால்ல உட்கார்ந்திருக்கார்" என்றார் அம்மா. அதற்கப்புறம் காலைச் சிற்றுண்டி முடிந்ததும் ஆரம்பித்து முக்கால் மணி நேரத்தில் முடித்துவிடுவது, கடைசிப் பத்து நிமிஷம் போர் அல்லாத பேச்சு என்று மாற்றிக்கொண்டோம். தூக்கம் ஓரளவு சரியானது.

குடும்பத்துக்குத் தெரிந்த கதை

பிறகு மகள் கேட்ட அந்தக் கதை. அன்று மகளும் பேரனும் கூடவே உட்கார்ந்திருந்தார்கள். 1965 செப்டம்பரில் ஓர் இரவு. தொலைதூரத் தளம். போய் வர நாலு மணி நேரம். தாழப் பறந்து போய், தளத்துக்குப் பக்கத்தில் மேலே ஏறி, குண்டு போட்டுவிட்டுத் திரும்பினார்கள். கீழேயிருந்து விமான எதிர்ப்புத் துப்பாக்கிகளின் வெளிச்சக் கோடுகள். திரும்பும்போது எரிபொருள் கவலை. எல்லாம் விறுவிறுப்பாக இருந்தது. பேரன் அடுத்த வரியை முன்கூட்டியே சொல்லும் அளவுக்கு அந்தக் கதை வீட்டில் பழகியிருந்தது. முடிவில் பெரியவர் சொன்னது: "திரும்பிப் பார்த்தேன். பின்னால வானமே சிவப்பா எரிஞ்சுது."

எங்கள் குழுவில் ஒருவர் விமானப் படையில் ஏர்ஃபிரேம் ஃபிட்டராக (விமானத்தின் உடற்பகுதியைப் பராமரிப்பவராக) இருந்தவர், கான்பராவில் கை வைத்து வேலை பார்த்தவர். பதிவைப் போட்டுக் கேட்டவர் அந்த வரியில் நிறுத்தச் சொன்னார். "நேவிகேட்டர் எப்படிங்க திரும்பிப் பார்ப்பாரு? அங்க பின்னால தகடுதான் இருக்கு."

மறுபடி முழுவதையும் கேட்டோம். வீடியோவையும் பார்த்தோம். மற்றக் கதைகளில் இருந்த எதுவுமே இதில் இல்லை. ஆறு நிமிஷக் கணக்கு இல்லை, காற்று இல்லை, பென்சில் இல்லை. லெஃப்ட்-லெஃப்ட் இல்லை. கைகள் இரண்டும் மடியிலேயே இருந்தன.

இதை மட்டும் வைத்து ஒன்றும் முடிவு கட்ட முடியாது. பலமுறை சொல்லிப் பழகிய கதை தேய்ந்து மழமழவென்று ஆகிவிடும். வேலை விவரம் உதிர்ந்து, கேட்பவர்களுக்குப் பிடித்த காட்சிகள் மட்டும் மிஞ்சும். சொந்த அனுபவத்திலும் இது நடக்கும். ஆகவே லாக் புக்கைக் கேட்டோம்.

நனைந்த லாக் புக்

விமானத்தில் பறப்பவர்கள் ஒவ்வொரு பறப்பையும் தேதி, விமான எண், கூடப் போனவர், வேலை, நேரம் என்று லாக் புக்கில் எழுத வேண்டும். மாதக் கடைசியில் கூட்டுத்தொகை போட்டு மேலதிகாரி கையெழுத்திடுவார். இவருடைய புத்தகத்தில் பகல் பறப்புகள் கருப்பு மையிலும் இரவுப் பறப்புகள் சிவப்பு மையிலும் இருந்தன.

2015 டிசம்பர் 1 இரவு முடிச்சூர் வீட்டில் தண்ணீர் புகுந்தபோது இந்தப் புத்தகம் இரும்பு பீரோவின் அடித்தட்டில் நின்ற வாக்கில் இருந்தது. தண்ணீர் வடிந்த பிறகு அம்மாதான் எடுத்து உலர்த்தி, பக்கம் பக்கமாகப் பிரித்து, பழைய புடவையில் சுற்றி வைத்திருந்தார். கருப்பு மை தாங்கிவிட்டது. சிவப்பு மை கரைந்துவிட்டது. ஒவ்வொரு பக்கத்தின் கீழ்ப்பாதியிலும் இரவுப் பறப்புகள் இருந்த வரிகள் வெறும் ரோஸ் நிறக் கறைகள். போர்க்காலத்தில் அவர் செய்ததில் முக்கால்வாசி இரவு வேலை. வெள்ளம் குறிபார்த்து அழித்தது போல இருந்தது அந்தப் பக்கங்களைப் பார்க்கும்போது.

புத்தகத்தை வெளியே எங்கும் எடுத்துப் போகவில்லை. சாப்பாட்டு மேஜையிலேயே, ஜன்னலோர வெளிச்சத்தில், ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்தோம். கலர் படத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றாகப் பிரிக்கும் வசதி சாதாரண மென்பொருள்களிலேயே உண்டு. பச்சையை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால், கண்ணுக்கு வெளிறித் தெரியும் சிவப்பு மை கருமையாகத் தெரியும். சிவப்பு நிறம் பச்சை ஒளியை விழுங்கிக்கொள்வதுதான் காரணம். நனைந்த ஆவணங்களோடு வேலை செய்பவர்கள் இதைக் கட்டாயம் செய்து பார்க்க வேண்டும். பல வரிகள் எழுந்து வந்தன. தேதிகள் பாதிக்கு மேல் படிக்க முடிந்தது. நேரங்களில் சில.

1965 செப்டம்பர் பக்கத்தில் அவர் கையால் விளக்கிய தாக்குதல் இருந்தது. நாலு மணி நேரப் பறப்பு இல்லை. முழுக்கக் கரைந்துபோன ஒரு வரி மிச்சம் இருந்தது. அது அதுவாக இருக்குமோ என்று பார்த்தால், மாதக் கடைசிக் கூட்டுத்தொகை கருப்பு மையில் தெளிவாக நின்றது. படிக்க முடிந்த இரவு நேரங்களை மொத்தத்திலிருந்து கழித்தால் மிச்சம் ஒரு மணி நேரம்கூட வரவில்லை. அந்தக் கரைந்த வரிக்குள் நாலு மணி நேரம் அடங்காது.

எடுத்த முடிவும் காரணமும்

குழுவில் நீண்ட விவாதம் நடந்தது. பெரியவர் சொன்னதை அப்படியே வைத்துவிடலாம், 86 வயதில் அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்றார் ஒருவர். எழுத்துப் பிரதியில் அடிக்குறிப்பு போட்டுவிடலாம், அவரிடம் சொல்ல வேண்டாம் என்றார் இன்னொருவர். மகளிடம் முதலில் பேசலாம் என்ற யோசனையும் வந்தது.

மூன்றையும் ஒதுக்கினோம். அப்படியே வைத்தால், அந்த இரவு நிஜமாகவே பறந்தவரின் இடத்தில் வேறொருவர் பெயர் ஏறிவிடும். பதிவு என்று ஒன்று செய்வதன் அடிப்படையே அதில் போய்விடுகிறது. அவருக்குத் தெரியாமல் அடிக்குறிப்பு போடுவது, நம்பிக் கதவைத் திறந்து உட்கார வைத்தவரின் முதுகுக்குப் பின்னால் செய்யும் காரியம். மகளிடம் முதலில் போனால் அப்பாவை விசாரிக்கும் நிலையில் மகள் வந்து நிற்பார். ஒரு வீட்டில் அந்த நிலையை உண்டாக்க எங்களுக்கு உரிமை இல்லை.

அவரிடமே, தனியாக, காலையில் கேட்பது என்று முடிவு செய்தோம். சிங்கத்தைச் சுட்டதைப் பார்க்கவில்லை, கேட்டேன் என்று தானாகப் பிரித்துச் சொன்னவர் அவர். வழி விட்டால் இதையும் அவரே பிரிப்பார் என்று நம்பினோம். லாக் புக்கை நீட்டி "இதில் இல்லையே" என்று கேட்பதில்லை என்றும் தீர்மானித்தோம். அந்த நாளின் மாலையிலிருந்து ஆரம்பிக்கச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அம்மாவிடம் மட்டும், அன்று கொஞ்சம் கனமான விஷயம் பேசப்போகிறோம், பக்கத்து அறையில் இருங்கள் என்று சொல்லி வைத்தோம்.

அவர் சொன்னது

கேள்வி இப்படி இருந்தது: "சார், அந்த ராத்திரிக்கு முந்தின சாயங்காலத்துலேர்ந்து சொல்லுங்க. என்ன சாப்பிட்டீங்க, யார் யார் இருந்தாங்க?"

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. ரெக்கார்டரைப் பார்த்தார். நிறுத்தட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"தம்பி, அன்னிக்கு எனக்கு ஜலதோஷம். மூக்கு அடைச்சிருந்தது. டாக்டர் பறக்கக் கூடாதுன்னுட்டார்."

சளி பிடித்தவரைப் பறக்க விடுவதில்லை. உயரம் மாறும்போது காதுக்குள் அழுத்தம் சமமாகாமல் உயிர் போகிற வலி எடுக்கும், செவிப்பறையே கிழியலாம். நேவிகேட்டர் வலியில் துடித்தால் விமானம் வழி தவறும். ஆகவே அது சரியான முடிவு, அவருக்கும் அது தெரியும். இவருக்குப் பதிலாக இன்னொரு நேவிகேட்டர் போனார். இரண்டு பேரும் ஒரே வயது, ஒரே சமயத்தில் ஸ்குவாட்ரனுக்கு வந்தவர்கள், ஒரே அறையில் இருந்தவர்கள்.

இரவு முழுக்க இவர் படுக்கையில் விழித்திருந்தார். எஞ்சின் கிளப்பும்போது வெடிக்கும் தோட்டாக்களின் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. எத்தனை விமானம் கிளம்பியது என்று எண்ணிக்கொண்டார். விடியும் முன் திரும்பி வருபவற்றையும் எண்ணினார். கணக்கு சரியாக இருந்தது. நண்பர் அறைக்கு வந்தார். இவர் ஸ்டவ்வில் டீ போட்டுக் கொடுத்தார். நண்பர் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்து, போனதிலிருந்து வந்தது வரை ஒன்று விடாமல் சொன்னார்.

"அந்தச் சிவப்பு வானத்தை அவனும் பார்க்கல. வளைஞ்சு திரும்பும்போது பைலட் பார்த்துட்டு இன்டர்காம்ல கத்தினார். அதைத்தான் அவன் எனக்குச் சொன்னான்."

நண்பர் 1990களில் இதய நோயால் காலமானார். போரைப் பற்றி வீட்டில் பேசாதவர் அவர். இவர் ஆரம்பத்தில் "என் நண்பன் ஒருத்தன் போனான்" என்றுதான் குழந்தைகளிடம் சொல்லி வந்திருக்கிறார். குழந்தைகள் "நீங்க போனீங்களாப்பா?" என்று கேட்க, எப்போதோ ஒரு தடவை ஆமாம் என்று சொல்லியிருக்கிறார். அதற்கப்புறம் மாற்ற முடியவில்லை. சில வருஷங்களுக்குப் பிறகு மாற்றத் தோன்றவும் இல்லை. "அவன் போன பிறகு நான் சொல்லலைன்னா அந்த ராத்திரியே இல்லாம போயிடும்னு நினைச்சேன்" என்றார்.

பிறகு, நாங்கள் கேட்காமலேயே, படுக்கையில் விழித்திருந்த அந்த இரவைத் திரும்பவும் சொன்னார், இந்தத் தடவை மெதுவாக. இப்போது கைகளில் வேலை வந்தது. ஸ்டவ்வுக்கு பம்ப் அடித்தார். கிளம்பிய விமானங்களை எண்ணிய விரல்களை மடக்கினார். எங்களிடம் உள்ள அவருடைய பதிவுகளிலேயே மிகச் சிறந்தது அந்த இருபது நிமிஷம் என்பது என் கருத்து. குண்டுவீச்சு விமானங்களில் பறந்தவர்களின் கதைகள் கொஞ்சமாவது கிடைக்கின்றன. ஒரு விமானத் தளத்தில் அன்று போக முடியாமல் படுத்திருந்தவனின் இரவை யாரும் பதிந்து நான் கேட்டதில்லை.

பிறகு நடந்தது

அன்று மாலையே அவர் மகளையும் பேரனையும் உட்கார வைத்துத் தானே சொல்லிவிட்டார். நாங்கள் இல்லாதபோது. மகள் மறுநாள் எங்களைக் கூப்பிட்டு, கொஞ்சம் கோபமாகத்தான் பேசினார். சின்ன வயதிலிருந்து பள்ளியில், அலுவலகத்தில், எத்தனை பேரிடம் சொல்லியிருப்போம் என்றார். அந்தக் கோபம் நியாயமானது. ஒரு வாரம் பதிவு நின்றது. அப்பா ராத்திரி நிம்மதியாகத் தூங்குகிறார், மறுபடி வாருங்கள் என்று அவரே அழைத்தார்.

நண்பரின் மகனைத் தேட வேண்டும் என்பது பெரியவரின் விருப்பம். பழைய விமானப் படையினரின் தொடர்புகள் மூலம் எண் கிடைத்தது. இரண்டு பேரும் போனில் பேசினார்கள். மகனுக்கு அப்பாவின் அந்த இரவைப் பற்றி ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை. அவர் வீட்டிலும் ஒரு லாக் புக் இருந்தது. வெள்ளம் பார்க்காத புத்தகம். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினார். சிவப்பு மையில், நாலு மணி ஐந்து நிமிஷம். எங்கள் பெரியவர் இத்தனை வருஷமாகச் சொல்லி வந்த தேதி, நேரம், பைலட்டின் பெயர் மூன்றும் பொருந்தின. குறிப்புப் பகுதியில் சுருக்கமாக ஒரு வரி: விளைவு பார்க்கப்படவில்லை.

ஜனவரி 26 விழாவில் அவர் பேசினார். 1971 டிசம்பர் 3 மாலையைப் பற்றி. அன்று ஆக்ரா தளத்தின்மேல் பாகிஸ்தான் விமானங்கள் குண்டு போட்டன. முந்தின நாள்தான் பௌர்ணமி. நிலா வெளிச்சத்தில் பளிச்சென்று தெரியக் கூடாது என்று தாஜ்மகாலைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். அந்த இரவே கான்பராக்கள் பதிலுக்குக் கிளம்பின, அதில் இவர் இருந்தார். லாக் புக்கில் அந்த வரி பக்கத்தின் மேல்பாதியில் இருந்ததால் தப்பியிருக்கிறது. வீடியோவில் அவர் கைகள் மேஜையின் மேல் வரைபடத்தைப் பிடித்திருக்கின்றன.

நடைமுறையில் மாற்றியவை

லாக் புக், டைரி, கடிதம் போன்றவற்றை இப்போது முதல் அமர்வுக்கு முன்பே கேட்டு வாங்கிப் படம் எடுத்துவிடுகிறோம். ஆனால் பேசும்போது மேஜையில் வைப்பதில்லை. முன்னால் இருந்தால் மனிதர் ஞாபகத்திலிருந்து பேசாமல் புத்தகத்தைப் பார்த்து வாசிக்கத் தொடங்கிவிடுகிறார். அவர் சொல்லி முடித்த பிறகே ஒப்பிடுகிறோம். ஒப்பிட்டு வேறுபாடு வந்தால் என்ன செய்வோம் என்பதையும் ஆரம்பத்தில் கையெழுத்து வாங்கும் காகிதத்திலேயே எழுதியிருக்கிறோம்: முதலில் உங்களிடம் மட்டும் கேட்போம், நீங்கள் சொல்லாமல் வீட்டில் யாரிடமும் சொல்ல மாட்டோம்.

குடும்பத்தாரை எல்லா அமர்விலும் கூட வைப்பதில்லை. அவர்கள் இருந்தால், அவர்களுக்குத் தெரிந்த கதைதான் வரும். எழுத்துப் பிரதியின் ஓரத்தில் பார்த்தது, கேட்டது, படித்தது என்று ஒவ்வொரு பகுதிக்கும் குறிக்கிறோம். கேட்டது என்றால் யாரிடம், எப்போது, எங்கே வைத்து என்று இன்னொரு கேள்வி கேட்கிறோம். கேட்ட கதை தரம் குறைந்தது என்று நினைக்க வேண்டாம். இந்த நிகழ்வில் தேதியும் நேரமும் அரை நூற்றாண்டுக்கு மேல் வழுவாமல் வந்தது அப்படிக் கேட்ட கதையில்தான்.

வேலையைப் பற்றிக் கேட்பதற்கு அதிக நேரம் ஒதுக்குகிறோம். என்ன தோன்றியது, பயமாக இருந்ததா என்ற கேள்விகளுக்கு எல்லோரிடமும் தயாரான பதில் உண்டு. பென்சில் எங்கே இருந்தது என்ற கேள்விக்குக் கிடையாது. முடிந்தால் வீடியோவும் எடுக்கிறோம். கைகள் என்ன செய்கின்றன என்பது குரல் பதிவில் தெரியாது.

அந்தப் பழைய பதிவை அழிக்க வேண்டாம் என்று பெரியவர் கேட்டுக்கொண்டார். இரண்டையும் வைத்திருக்கிறோம். முதலாவதின் தலைப்பில் நண்பரின் பெயர் முதலிலும் "சொல்பவர்" என்று இவர் பெயர் அடுத்தும் இருக்கிறது, நண்பரின் மகனிடம் ஒரு பிரதி உண்டு. 1971 அமர்வுகள் இன்னும் முடியவில்லை. காது மிஷின் புதிதாக வாங்கியிருக்கிறார். அது பழகியதும் தொடரலாம் என்று சொல்லியிருக்கிறார்.